குட்டிக்கு முதல் சோறு

அந்த கேமைப் பார்த்து நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பின்னே? மீசை முளைத்து, காலேஜும் முடித்த ஒருத்தன், காளான் தொப்பி போட்ட பொம்மைப் பெண் ஒருத்தியைப் புல்வெளியில் நடக்க விட்டுக்கொண்டு, எதிரே வரும் தலையணை மாதிரியான பிராணிகளுக்கெல்லாம் சிவப்புப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தால் சிரிக்காமல் என்ன செய்வது? "ஏண்டா, எல்.கே.ஜி. பசங்க விளையாடறதை நீ விளையாடறியே, வெக்கமா இல்ல?" என்பேன். "போடி, உனக்கு இன்னா தெரியும்" என்பான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல். எங்கள் வீட்டில் யாரும் 'இன்னா' போட்டுப் பேசமாட்டோம். என்னை வெறுப்பேற்றுவதற்கென்றே அப்படிப் பேசுவான்.

அந்த சிடி வீட்டுக்கு வந்ததே அப்பாவின் புண்ணியம். கிரிக்கெட் கேம் ஒன்று வாங்கிவரச் சொல்லி அண்ணன் அவரை அனுப்பினான். அப்பாவுக்குக் கடைக்குள் போனால் எது சல்லிசு என்று மட்டும்தான் கண்ணில் படும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், மொபைல் கவரும் பாட்டு சிடியும் கலந்து தொங்கும் கடையில், இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அட்டையில் மட்டை இல்லை, பந்து இல்லை, காளான் தொப்பிதான் இருந்தது. "எல்லாம் ஒண்ணுதானேடா, கம்ப்யூட்டர்ல ஓடினா சரி" என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் போட்டுப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்ததுதான்.

அதைச் செய்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். கேமை மூடும்போது இரண்டே இரண்டு பெயர்கள் ஓடும். புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்கும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அவள் படம் வரைவாளாம், அவன் மற்றதெல்லாம் பார்ப்பானாம், ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பண்ணியிருப்பார்களாம். "பாரு, இதோட மூக்கு ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. பெரிய கம்பெனியா இருந்தா சரி பண்ணியிருப்பான். இவங்க விட்டுட்டாங்க" என்று காட்டுவான். அந்தச் சாய்ந்த மூக்குதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

அண்ணனுக்குச் சின்ன வயதில் மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. போகிற போக்கில் அது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. படிக்கிற காலமெல்லாம் எப்படியோ ஓட்டிவிட்டான். அப்புறம் முடியவில்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம்தான், அதற்கே நடுவில் நின்று மூச்சு வாங்குவான். அவன் படித்த படிப்புக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது, இவன்தான் போக முடியாமல் வீட்டில் கிடந்தான். ஆபரேஷன் பண்ணித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி, தேதியும் குறித்திருந்தார்கள். அது நல்லபடியாக முடிந்தால் குடும்பத்தோடு குன்றத்தூர் மலை ஏறுவதாக அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். "வேண்டிக்கிட்டது நீ, படியும் நீயே ஏறு. நான் கீழ நின்னு செருப்புக்குக் காவல் இருக்கேன்" என்று அதையும் கிண்டல் பண்ணுவான்.

வெளியே நாலு எட்டு வைக்க முடியாதவன் கேமுக்குள்ளே நடந்தான் பாருங்கள், அப்படி நடந்தான். மலை ஏறினான், பாலம் தாண்டினான், பனியில் நடந்தான். அதில் யாரையும் அடித்துப் பிடிக்க வேண்டியதில்லை. பசியோடு இருக்கும் பிராணியைப் பார்த்து, அதற்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று கண்டுபிடித்துப் போட்டால், சாப்பிட்டுவிட்டு நம் பின்னாலேயே வந்துவிடும். அப்படி வந்ததெல்லாம் வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தெருவில் இருக்கிறவர்களைப் பார்த்துப் பட்டப்பெயர் வைத்தான். பருத்து உருண்டு வருவது தண்ணீர் லாரிக்காரர். எப்போதும் தூங்கி வழிவது நான். எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்று வழியை மறிப்பது அம்மா.

அதில் ஒரே ஒரு கண்டிப்பு. கம்ப்யூட்டரில் ஓடும் தேதியைப் பார்த்து அந்த கேம் கணக்கு வைத்துக்கொள்ளும். தினமும் ஒருதரம் உள்ளே போய்ச் சோறு போட வேண்டும். பழத்தைத்தான் அவன் சோறு என்பான். ஒரு நாள் விட்டால் அழும். தொடர்ந்து சில நாள் விட்டால், நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போய்விடும். போனது திரும்பி வராது. இதை அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தான். கேட்கிறோமோ இல்லையோ, சொல்லிக்கொண்டே இருப்பான்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரு முட்டை கிடைத்தது. அது அவ்வளவு லேசில் யாருக்கும் கிடைக்காதாம். கிடைத்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தால்தான் பொரியுமாம். நடந்தான், நடந்தான், மாசக்கணக்கில் நடந்தான். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் "ஏய், வா வா வா" என்று அவன் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து கரண்டியோடு அம்மாவும் ஓடிவந்தாள். என்னமோ ஏதோ என்று பயந்துபோய்விட்டோம். பார்த்தால் முட்டை பிளந்து உள்ளேயிருந்து ஒரு குட்டி, உள்ளங்கை அளவு, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. "சீ, இதுக்கா இவ்ளோ சத்தம்" என்றாள் அம்மா. ஆனாலும் கரண்டியோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் பூஜை. எங்கள் வீட்டில் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போட்டு மூடி, அப்பாவின் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், அம்மாவின் தையல் மிஷின், என் கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். அவற்றுக்கெல்லாம் அன்றைக்கு ஓய்வு. விஜயதசமி காலையில் புனர்பூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பண்டிகை உண்டா? கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய்ப் பூஜை அலமாரியில் வைக்க முடியாது என்பதால் ஹாலில் இருந்த இடத்திலேயே அதற்கும் அலங்காரம். மானிட்டர் நெற்றியில் சந்தனம், கீபோர்டுக்குச் சந்தனம், மவுஸுக்குக்கூட நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மேலே சாமந்திச் சரம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் தான் வேலை பார்க்கும் ஃபாக்டரியிலிருந்து அப்பா கொண்டுவந்த பொரி மூட்டை கீழே.

சுண்டல் வெந்துகொண்டிருந்தபோது அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, ஒரே நிமிஷம். குட்டிக்குச் சோறு மட்டும் போட்டுட்டு மூடிடறேன்."

"பூஜையில வெச்சாச்சு. தொடக் கூடாது."

"பூஜை மிஷினுக்குத்தானே? குட்டிக்கு இல்லையே."

"ஆபரேஷனை வெச்சுக்கிட்டு சாமி காரியத்துல விளையாடாதடா. எனக்கு பயமா இருக்கு."

"நேத்துதாம்மா பொறந்துது. அழும்."

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். கொஞ்சம் இரங்கினாள் என்றுதான் நினைக்கிறேன். "ஒரு நாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆயிடாது. நாளைக்குக் காலைல பூஜையை எடுத்ததும் முதல் சோறு உன் குட்டிக்குத்தான். நம்ம வாயில வெக்கறதுக்கு முன்னாடி அதுக்கு. போதுமா?" என்றாள். "வாக்கு மாறக் கூடாது" என்றான். "மாற மாட்டேன், போ" என்றாள். அவன் சுண்டலில் கைவிட்டு ஒரு கடலையை எடுக்கப் போய், படைக்காமல் தொடாதே என்று அதற்கும் ஓர் அடி வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. தெருமுனையில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அந்த வாழைக்கன்றோடேயே ஜி.எஸ்.டி. ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரோடெல்லாம் உடைந்த பூசணிக்காய். ஆட்டோ ஒவ்வொன்றாக விலகி விலகிப் போனதும், ஒவ்வொரு விலகலுக்கும் அம்மா "முருகா, முருகா" என்றதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மூக்கில் ஆக்ஸிஜன் வைத்ததும் கொஞ்சம் தெளிந்தான். அம்மாவைப் பார்த்து அவன் சொன்னது அந்தக் குட்டியைப் பற்றித்தான். "நாளைக்கு மறந்துடாதம்மா." அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல நானே போய் பூஜையை எடுத்துட்டுப் போடறேன்டா கண்ணு" என்றாள்.

எங்கே போவது? காலையில் அவனை உள்ளே தனி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா கதவைவிட்டு நகரவில்லை. மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். போகும்போதே அம்மா சொல்லி அனுப்பினாள்: "பூஜையில இருக்கற எதையும் தொட்டுடாத. நான் வந்துதான் எடுக்கணும். ஏதாவது தப்பாயிடப் போகுது." ஹாலில் சாமந்திச் சரம் வாடாமல் அப்படியே இருந்தது. மானிட்டரில் என் முகம் தெரிந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்துபோகிற வேலை. ஆனால் அம்மாவின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். குறித்த ஆபரேஷன் தேதி அதற்கப்புறம் வந்தது, அதுபாட்டுக்குப் போயிற்று.

வீட்டுக்குத் துக்கம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஹாலில்தான் உட்கார்ந்தார்கள், பொட்டும் பூவுமாக இருந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு எதிரே. சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். காரியமெல்லாம் முடிந்ததும், காய்ந்துபோன பூவை எடுத்துவிடப் போனேன். அம்மா கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். "புனர்பூஜை பண்ணாம எப்படிடி எடுப்பே?" "அப்ப பண்ணு." "தீட்டுல எப்படிப் பண்றது? வருஷம் திரும்பட்டும்." அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு எங்களுக்குப் பண்டிகை கிடையாது, பூஜை கிடையாது. அலமாரியில் இருந்த புத்தகங்களை என் படிப்புக்காக எடுத்துக்கொள்ள விட்டாள். கம்ப்யூட்டரை மட்டும் விடவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். காலேஜ் ப்ராஜெக்ட் அடிக்க கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன், வீட்டிலே ஒன்றைச் சந்தனம் பூசி வைத்துக்கொண்டு! அம்மாவோடு சாப்பாட்டுக்குக்கூடப் பேசாத நாட்கள் உண்டு. ஒரு நிமிஷம் கேட்டான், கொடுத்தாளா? அன்றைக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. வாய் வரைக்கும் வரும், அம்மாவின் முகத்தைப் பார்த்தால் உள்ளே போய்விடும். அவளுக்குத் தெரியாதா என்ன? நான் வேறு சொல்ல வேண்டுமா?

ஆனால் அந்த மிஷினுக்காக நான் ரொம்பச் சண்டை போடவும் இல்லை. ஏனென்றால் எனக்குக் கணக்குத் தெரியும். சில நாள் விட்டாலே போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மாசங்கள் ஆகிவிட்டன. திறந்தால் புல்வெளி காலியாக இருக்கும். லாரிக்காரர் இல்லை, தூங்குமூஞ்சி இல்லை, குட்டி இல்லை. அவன் நடந்து நடந்து சேர்த்ததில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. திறக்காமல் இருந்தால் அப்படி நினைக்காமலாவது இருக்கலாம். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அம்மாவிடம் இதைச் சொல்லியே விட்டேன், "நீ எப்ப எடுத்தாலும் உள்ள ஒண்ணும் இருக்காதும்மா" என்று. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "பூஜையில இருக்கு. பூஜையில இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். இவளோடு என்னத்தைப் பேசுவது என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்த சரஸ்வதி பூஜை வந்தது. அவன் திதி அதற்குச் சில நாள் கழித்துத்தான் என்பதால் அன்றைக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. தெருவெல்லாம் பூசணிக்காய் உடைக்கிற சத்தம், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். திதி கொடுத்து முடித்த மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஹாலுக்கு வந்தாள். தொட்டால் உதிரும் அந்தச் சரத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். விளக்கேற்றி, பொரியும் வெல்லமும் வைத்து, கற்பூரம் காட்டினாள். அப்பா பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போடுடி" என்றாள் என்னைப் பார்த்து.

"அம்மா, வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் அவனுக்கு வாக்கு குடுத்திருக்கேன். போடு."

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. உள்ளே போகாமல் கருப்புத் திரையில் ஏதோ இங்கிலீஷில் எழுதி நின்றுவிட்டது. தேதி தெரியவில்லை, ஒரு பட்டனை அமுக்கினால் மேலே போகலாம் என்பது போல. அமுக்கினேன். மெதுவாக உள்ளே போனது. கேமைத் திறந்தேன். அம்மாவின் மூச்சு என் காதுக்குப் பின்னால் கேட்டது.

புல்வெளி வந்தது. காளான் தொப்பி நின்றது. அதற்குப் பின்னால், ஐயோ, வரிசையாக, எல்லாம் இருந்தன. லாரிக்காரர் உருண்டார். தூங்குமூஞ்சி தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா என்று அவன் பெயர் வைத்தது வழியை மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில், காலடியில், மூக்கு சாய்ந்த குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது. பசி. அண்ணன் விட்டுப்போன அதே இடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரை மூலையில் பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முந்தின ஏதோ ஒரு வருஷம், ஜனவரி முதல் தேதி என்று காட்டியது. உள்ளே இருக்கும் கடிகாரம் செத்துப்போயிருக்கிறது. நாள் போனதே அந்த கேமுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா, "இதுதானே?" என்று குட்டியைத் தொட்டுக் காட்டினாள். தலையாட்டினேன். "எப்படிடி போடணும்?"

அவள் கையை எடுத்து மவுஸ் மேல் வைத்தேன். போன வருஷத்துக் குங்குமம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பழத்தைப் பிடித்து இழுக்க அவளுக்கு வரவில்லை. ஒருதரம் கீழே விட்டாள், இன்னொருதரம் தொப்பிக்காரியின் தலையில் போட்டாள். அப்புறம் குட்டியின் வாயருகே கொண்டுபோய் விட்டாள். அது தின்றது. தின்றுவிட்டு ஒரு குதி குதித்தது. "சாப்ட்டுடுச்சு" என்றாள் அம்மா. "பாத்தியா, சாப்ட்டுடுச்சு." அப்புறம் மவுஸை விடாமலே அழுதாள். அவன் போன அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் எங்கள் வாயில் எதுவும் போவதற்கு முன்னால் அம்மா உட்கார்ந்துவிடுவாள். வேறெங்கும் நடக்க மாட்டாள், மலை ஏற மாட்டாள். சோறு போடுவாள், மூடிவிடுவாள். பின்னால் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவாள். அதனால் மறுநாளும் அதே ஜனவரி முதல் தேதிதான் வரும்.

கொஞ்ச நாள் கழித்து மானிட்டர் தகராறு பண்ணியதால் சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன். அதைச் சரிபண்ணிவிட்டு, "அம்மா, உள்ள பேட்டரி போயிடுச்சு. பட்டன் சைஸ்தான், கையிலயே கீது. மாத்திட்டா டேட்டு டைமு எல்லாம் கரெக்டா ஓடும்" என்றார்.

"வேணாம்பா" என்றாள் அம்மா.

"காசுல்லாம் பெரிசா ஆகாதும்மா."

"காசுக்கில்ல. தேதி ஓடினா அது போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும்ணா" என்றேன். அவர் பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுபடியும் சரஸ்வதி பூஜை வந்தது. இந்தத் தடவை எங்களுக்கும் உண்டு. புத்தகம் அடுக்கியாயிற்று, ஸ்பேனருக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தாயிற்று. சந்தனக் கிண்ணத்தோடு அம்மா கம்ப்யூட்டரைத் தாண்டிப் போனாள். அதற்கு மட்டும் வைக்கவில்லை. சுண்டல் தாளித்து இறக்கிவிட்டு, சாமிக்கு இலை போடுவதற்கு முன்னால், கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டாள். படைக்காமல் ஒரு கடலையைத் தொட்டதற்கு அடி கொடுத்தவள்.

"சாமிக்கு முன்னாடியே போடறியேம்மா, கோச்சுக்காதா?" என்றேன்.

அம்மா மவுஸைப் பிடித்துக் குட்டியைத் தேடினாள். "கோச்சுக்கட்டும்" என்றாள். "எனக்கு இல்லியா கோவம்?"